நுவரெலியாக் காற்று

வெயில் கூட வேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றிய குடும்பம் எங்களுடையது. மார்ச் மாதம் பிறந்து, கொழும்புக் கொட்டாஞ்சேனையின் தகரக் கூரைகள் மத்தியானத்தில் டக் டக்கென்று வெடிக்கத் தொடங்கியதும் அம்மா கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு முன்னால் ஒரு திரியைக் கொளுத்திவிட்டு வருவார். அக்கம்பக்கத்தார் மட்டையால் விசிறிக்கொண்டு வெயிலைத் திட்டுவார்கள். அம்மா மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இந்த வருசம் நல்ல வெயில், ஸ்தோத்திரம்" என்பார்.

அப்பா ஏசி திருத்துகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, ஒரு சிங்கள முதலாளியின் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகியே தொழிலைப் பிடித்தவர். கொழும்பில் கைத்தொழில் தெரிந்த எவரும் 'பாஸ்'தான். அப்பாவும் 'ஏசி பாஸ்'. வெயில் ஏறினால் அவருடைய போன் நிற்காது. மழை பிடித்துவிட்டால் வீட்டில் பருப்பும் சம்பலும்தான். என் சப்பாத்து, டியூஷன், பல்கலைக்கழகம் போக வாங்கிய முதல் நீளக்காற்சட்டை எல்லாமே யாரோ ஒருவருடைய வீட்டின் புழுக்கத்திலிருந்து வந்தவை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

இனி நுவரெலியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், மலைநாட்டில் குளிருக்குப் பேர்போன அந்த ஊரைப் பற்றி.

பழுதான ஏசிகளின் வெளிப்பெட்டிகளை அப்பா சில நாட்களில் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். எங்கள் ஒழுங்கையில், வீட்டு வாசலிலுள்ள அந்தச் சின்னச் சந்தில், அதை வைத்துத்தான் வேலை. குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே மிஞ்சியிருக்கும் காஸை வெளியே விட்டாக வேண்டும். அப்போது அப்பா ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி கத்துவார்: "வாங்க, வாங்க! நுவரெலியா வருது! டிக்கெட் இல்ல!"

போட்டது போட்டபடி கிடக்க, பிள்ளைகள் எல்லோரும் ஓடுவோம். அப்பா நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். உஸ்ஸென்று ஒரு நீண்ட சீறல். வெள்ளைப் புகார் கிளம்பி எங்கள் முகங்களில் அடிக்கும். எண்ணெய் மணம் கலந்த, பல்லைக் கூச வைக்கும் குளிர். செம்புக் குழாயின் வாயில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைச் சுரண்டி ஒருவருடைய முதுகுச் சட்டைக்குள் இன்னொருவர் போடுவோம். ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விருந்து நாளில், ஐஸ் கிடைக்காமல் போக, சோடாப் போத்தல்களை வரிசையாக வைத்து அவற்றுக்கும் அப்பா நுவரெலியா அடித்தார். உண்மையான நுவரெலியாவை அந்த ஒழுங்கையில் யாரும் கண்டதில்லை. கண்டிருந்தாலும் இதைவிடக் குளிர்ந்திருக்காது என்றுதான் நம்பியிருப்போம்.

படித்து முடித்ததும் எனக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஹோட்டல்கள், மண்டபங்கள், கம்பெனிகள் வருடத்தில் எவ்வளவு கரியமில வாயுவுக்குப் பொறுப்பு என்று கணக்கிட்டுக் கொடுக்கும் வேலை. அம்மா இதை அடுத்த வீட்டு அன்டிக்கு விளக்கியது என் காதில் விழுந்தது.

"கம்பெனிகள் விடுற புகையை எண்ணுற உத்தியோகம்."

"புகையை எண்ண ஒரு உத்தியோகமா? அப்ப எங்கட மனிசனும் பின்னேரத்தில பீடி பத்துறவர்தான். உங்கட மகனை வந்து எண்ணச் சொல்லுங்க."

"உங்கட மனிசன்ட புகைக்கு ஒரு ஒபீஸே காணாது" என்றார் அம்மா.

முதலில் அனுப்பப்பட்ட இடங்களில் ஒன்று வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபம். அந்த மண்டபத்து ஏசிகளை அப்பாதான் பார்த்து வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒரு தேவையும் இருக்கவில்லை. என் மேலதிகாரி, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் நடுத்தர வயதுப் பெண்மணி, மண்டபத்து மனேஜரிடம் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, எந்நேரமும் காதில் போன்.

"ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு அடிக்கிறீங்கள்?"

"ஐயோ மிஸ், அதைக் கேக்காதேங்கோ. கரன்ட் போற காலத்தில குடிச்சுத் தள்ளீட்டுது."

"ஏசிக்குக் காஸ்?"

அவருடைய முகம் மலர்ந்தது. "அதில ஒரு குறையும் இல்லை. கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு பாஸ் வாறவர். மாசத்துக்கு ஒருக்கா காஸ் அடிச்சுவிட்டிட்டுப் போவார். தங்கமான மனுசன். வெறும் சிலிண்டருகள் குசினிக்குப் பின்னால கிடக்கு, வேணுமெண்டால் பாருங்கோ."

போய்ப் பார்த்தோம். மதிலோரம் சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. முடிந்த சிலிண்டரின் கழுத்தில் ஒரு துணிக்கீற்றைக் கட்டிவிடுவது அப்பாவின் பழக்கம். நிறைந்ததையும் வெறுமையானதையும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே கிடந்த எல்லாக் கழுத்துகளிலும் நீலப்பூப் போட்ட துணி கட்டியிருந்தது. அம்மாவின் பழைய சேலை.

மிஸ் சிலிண்டர்களில் ஒட்டியிருந்த லேபலைப் படித்தார். போனில் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நான் எங்கேயோ பிழையாப் பெருக்கிப்போட்டன் போல. ஒருக்காப் பாருங்கோ."

நான் பார்த்தேன். பிழை இல்லை. அந்த மண்டபத்தின் ஜெனரேட்டர் குடித்துத் தள்ளிய டீசல் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, மதிலோரம் கிடந்த அந்தக் குவியல் அதைப் பல மடங்கு தாண்டி நின்றது. மண்டபத்தின் அத்தனை மின்விளக்குகளும் சமையலும் லொறிகளும் சேர்ந்தும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அந்தக் காஸ், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோவாகப் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறேன். புத்தகத்தில் அதற்கு எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரும், ஒழுங்கையில் முகத்தில் அடித்த நுவரெலியாவும் ஒன்றுதான் என்று ஒரு நாள்கூட எனக்குப் படவில்லை. ஒரு சிலிண்டர் காஸ், ஒரு கார் வருடக்கணக்காக ஓடி விடும் புகைக்குச் சமம். அப்பாவின் கையால் எத்தனை சிலிண்டர்? நினைக்கத் தொடங்கி, முடியாமல் நிறுத்தினேன். குசினியிலிருந்து கத்தரிக்காய் பொரிக்கும் மணம் வந்தது.

அன்று இராச் சாப்பாட்டில் கேட்டேன். "அப்பா, வெள்ளவத்தை ஹோலுக்கு மாசாமாசம் அடிக்கிற காஸ் எங்க போகுது?"

"எங்க போறது? முடியுது."

"முடியாதே. எரிஞ்சு முடியிறதுக்கு அது அடுப்புக் காஸ் இல்லையே. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கொண்டே இருக்கிறது. குறைஞ்சா எங்கயோ ஓட்டை எண்டுதானே அர்த்தம்?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "ஓட்டை எண்டு எனக்குத் தெரியாதாடா? அங்க கடல் உப்பு செம்பையே தின்னுது. ஓட்டையைத் தேடிப் பிடிச்சு அடைக்க ஒரு நாள் முழுக்க வேணும். பின்னேரம் பங்ஷன். மனேஜர் 'பாஸ், காஸ் அடிங்கோ' எண்டுதான் கூப்பிடுவார். 'ஓட்டை தேடுங்கோ' எண்டு இண்டைவரைக்கும் ஒரு ஆளும் என்னைக் கூப்பிட்டதில்ல."

கொழும்பு முழுவதும் அப்படித்தான் என்பதை நினைத்துப் பார்த்தேன். ஏசி குளிரவில்லையா, காஸ் முடிந்துவிட்டது, அடி. பெற்றோல் மாதிரி. பெரிய பெரிய வீட்டுக்காரர்களும் டாக்டர்மாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"அந்தக் காஸ் காத்துல கலந்தா சூட்டைப் பிடிச்சு வச்சிருக்குமப்பா. உலகம் சூடாகுது எண்டு சொல்றாங்களே, அதுக்கு."

"குளிர் காத்து சூடாக்குதா?" அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? கம்பஸ் போன புள்ள கதைக்கிற கதை."

நான் மிஸ்ஸின் கணக்கைச் சொன்னேன். கார்களைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது. அம்மாவின் கையிலிருந்த அகப்பை கறிச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

"அப்ப நாங்க புள்ளைகள்ட முகத்தில அடிச்சது?" என்றார்.

"மூச்சுக்கு அவ்வளவு பயமில்ல அம்மா. அது மேல போனாப் பிறகுதான்."

"மேல போய்..." அம்மா முடிக்கவில்லை. அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தோனியாருக்கு முன்னால் எரிந்த திரிகள்.

அப்பா சிரிப்பை நிறுத்தியிருந்தார். "ரோட்டில எத்தனை பஸ், ஹாபர்ல எத்தனை கப்பல், பவர் ஹவுஸ். அதெல்லாத்தையும் விட்டிட்டு நீ என்னையா வந்து பிடிச்சாய்?"

நியாயமான கேள்வி.

"உன்ட ஒபீஸ் ஏசியையும் நான்தான் பூட்டினது. மறந்திட்டியா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

அடுத்த கிழமையே அந்த மண்டபத்தின் மேல்மாடியிலுள்ள பழைய ஏசிகளைக் கழற்றிப் புதியவை பூட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கழற்றும் வேலை அப்பாவுக்கு. வழக்கமாக அதை எப்படிச் செய்வார் என்பது எனக்குத் தெரியும்: மொட்டைமாடியில் குழாயை வெட்டிவிடுவார், உள்ளே இருப்பது கடலை நோக்கிப் போகும். ஓடும் நிலையிலுள்ள மெஷின் என்றால் வெட்டத் தேவையில்லை. அதை ஓட விட்டு, ஒரு பக்க வால்வை மூடினால் காஸ் முழுவதும் வெளிப்பெட்டிக்குள்ளேயே வந்து அடைந்துவிடும். செத்த மெஷினில் அப்படிச் செய்ய முடியாது. அதற்குக் காஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் தனி மெஷின் வேண்டும். மிஸ்ஸிடம் கெஞ்சினேன். தொழிற்பயிற்சி நிலையமொன்றில் தெரிந்தவர் மூலம் அதை ஒரு நாளைக்கு எடுத்துத் தந்தார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. "அதை ஆர் மேல தூக்கிறது? நானா?"

"நான் தூக்கிறன்."

"அப்ப வா."

அந்த உறிஞ்சும் மெஷினை மடியில் வைத்து, குழந்தையைப் போல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் போனேன். அந்த மொட்டைமாடியில் இருக்கும் காஸையாவது போகாமல் பிடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. கீழே ரயில் போனது, அதற்கப்பால் கடல். அப்பாவின் கூட்டாளி, மட்டக்குளியிலிருந்து வரும் சிங்களவர், ஏற்கனவே வந்து கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்ததை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா விளக்கியதும் என் தோளில் தட்டி, "ஓக்க ஹுளங்னே மல்லி" என்றார். அது வெறும் காற்றுத்தானே, தம்பி.

சுற்றிப் பார்த்தேன். காலி வீதி என்ற பெருந்தெரு நெடுக, கடற்கரை நெடுக, எத்தனை மாடி வீடுகள். ஒவ்வொரு சுவரிலும் இதே வெள்ளைப் பெட்டிகள், உண்ணிகள் ஒட்டியது போல. அத்தனை வருடம் வெள்ளவத்தைக்கு வந்து போயும் நான் அவற்றைக் கண்டதில்லை. எத்தனை பெட்டி ஓட்டை? எண்ணிக்கொண்டே நின்றேன்.

"என்ன கல்யாணம் பாக்க வந்தியா? ஹோஸைக் கொண்டா" என்றார் அப்பா.

செத்த மெஷின்கள் மூன்று. முதலாவதில் அப்பா காஸின் அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டினார். முள் அசையவில்லை. கண்ணாடியை விரலால் தட்டினார். சைபரிலேயே நின்றது. ஹோஸைக் கழற்றி வேறொன்று பூட்டினார். சைபர். இரண்டாவதற்குப் போனார், அங்கும் அதே. மூன்றாவதில் பூட்டும்போது அவருடைய கை அவசரப்பட்டது. முள் கொஞ்சம்கூட எழும்பவில்லை.

வால்வைத் திறந்து அதன் துவாரத்தில் பெருவிரலை வைத்தார். சீறல் இல்லை. குளிரும் இல்லை.

"போன மாசம்தான் இதுக்கு நிறைய அடிச்சனான்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "நிறைய அடிச்சனான்."

நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த மெஷின் பக்கத்தில் கிடந்தது. உறிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. நான் தடுக்க வந்த காரியம் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. யாரும் வெட்டவில்லை, யாரும் திறக்கவில்லை. கீழே தாலி கட்டி, படம் பிடித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

மிச்ச மெஷின்கள் ஓடின. அவற்றில் கொஞ்சம் இருந்தது. அப்பா ஒவ்வொன்றாக ஓட விட்டு, வால்வை மூடி, முள் இறங்கும்வரை குந்தியிருந்து பார்த்து, மற்ற வால்வையும் மூடினார். பிறகு நட்டைக் கழற்றினார். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நட்டு சீறாமல் கழன்றதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"சத்தயக் நேனே, அய்யே?" என்று கூட்டாளி வியந்தார். சத்தமே இல்லையே, அண்ணே.

அப்பா நட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அப்போது மனேஜர் மேலே ஏறி வந்தார். "பாஸ், கீழ் ஹோல்ல மேடைக்குப் பக்கத்தில இருக்கிறது குளிரேல்லை. கொஞ்சம் காஸ் அடிச்சு விடுங்கோ. பின்னேரம் ரிசெப்ஷன்."

குசினிக்குப் பின்னால் இறங்கினோம். மேடைப் பக்கத்து ஏசியின் வெளிப்பெட்டி அந்த மதிலில்தான் இருந்தது, நீலப்பூத் துணி கட்டிய குவியலுக்கு நேர் மேலே. அப்பா புதுச் சிலிண்டரைத் தூக்கினார். கையில் வைத்துக்கொண்டே குவியலைப் பார்த்தார். பிறகு சிலிண்டரைக் கீழே வைத்தார்.

"மகன், குசினியில கேட்டுச் சவக்காரத் தண்ணி கொஞ்சம் கொண்டா. நல்லா நுரைக்க அடிச்சு."

"பாஸ், என்ன விளையாடுறியளே?" மனேஜர் காதிலிருந்து போனை எடுத்தார். "பொம்பிளை மாப்பிளை இன்னும் கொஞ்ச நேரத்தில வந்திடுவினம்."

"ஓட்டையப் பாக்காம அடிக்கேலாது, ஐயா."

"இவ்வளவு காலமும் அடிச்சனீங்கள்தானே?"

"ஓம்," என்றார் அப்பா. "அடிச்சனான்."

"அப்ப இண்டைக்கும் அடிங்கோவன். நாளைக்கு ஆறுதலா ஓட்டையைத் தேடுங்கோ."

"நாளைக்கும் உங்களுக்கு பங்ஷன் இருக்கும், ஐயா."

"அப்ப நான் வேற பாஸைக் கூப்பிடுறதே?"

"கூப்பிடுங்க."

இந்த மண்டபம் போனால் அப்பாவுக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்திலும் நிற்காத வேலை இது ஒன்றுதான். வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். "அடிச்சு விடுங்கப்பா" என்பதுதான் என் வாயில் வந்தது. விழுங்கினேன்.

நுரையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா பழைய பிரஷ்ஷால் குழாயின் பொருத்துகளில் தடவிக்கொண்டு போனார். முதல் பொருத்து, ஒன்றுமில்லை. வளைவு, ஒன்றுமில்லை. பெட்டிக்குள் குழாய் நுழையும் இடத்தில், பச்சைப் பாசி போல உப்புப் பூத்திருந்த ஒரு புள்ளியில், நுரை அசைந்தது. ஒரு குமிழி எழுந்தது. கடுகளவு, பிறகு மிளகளவு, பிறகு நெல்லிக்காய் அளவு. மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் பெருத்தது. வெடித்தது. அதே இடத்தில் அடுத்தது தொடங்கியது.

மனேஜர் போனில் இன்னொருவரோடு கதைத்தபடியே எட்டிப் பார்த்தார். "உதென்ன?"

"நீங்க மாசாமாசம் அடிக்கச் சொல்றது" என்றார் அப்பா.

மனேஜர் குனிந்து பார்த்தார். அவருக்கும் அது என்னவோ செய்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு போனில், "ஓம் ஓம், சிலிண்டரோட உடன வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

"அடைக்க எவ்வளவு நேரம் வேணும்?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"இருக்கிறதை உன்ட மெஷினால இழுத்து எடுக்கணும். ஓட்டையைப் பத்த வைச்சு அடைக்கணும். குழாய்க்குள்ள இருக்கிற காத்தெடுக்கணும். இருட்டிப் போகும்." குமிழியை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னார். "நான் இதை வச்சு இப்பிடி ஒருநாளும் பாத்ததில்லடா. சத்தமாப் போறது மட்டும்தான் போகுது எண்டு நெனச்சிருந்தன்."

மற்றப் பாஸ் மோட்டார்சைக்கிளில் வந்தார், பின்னால் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு. அப்பாவைக் கண்டதும் சங்கடப்பட்டார். "அட, நீங்களா அண்ணே? தெரிஞ்சா வந்திருக்க மாட்டனே. என்ன பிரச்சினை?"

அப்பா பொருத்தைக் காட்டினார். அதில் ஒரு குமிழி அப்போதும் பெருத்துக்கொண்டிருந்தது.

"ஓட்டை."

"ஓட்டை எதிலதான் இல்ல, அண்ணே?"

குரலில் கேலி இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் குமிழியைப் பெருவிரலால் துடைத்தார். கையைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு, ஹோஸைப் பூட்டி, சிலிண்டரைத் திறந்தார்.

நாங்கள் எங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு குசினி வழியாக வெளியே வரும்போது, மண்டபத்துக்குள் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "அப்பாடா, இப்பதான் குளிருது" என்று சொல்வது கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பிடம்வரைக்கும், மாடியில் வால்வில் வைத்துப் பார்த்த தன்னுடைய பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.